பேழைக்கு ஒரு பெண் யானை

"கறுப்புத் துணி கிட்டல்லியா?" என்று கதவுக்கு வெளியே நின்று கேட்டாள் நேசபாய்.

"சத்தம் போடாதட்டி. ஊருக்கே கேக்கும்" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

உள்ளே, பட்டப்பகலில் கதவைத் தாழ்ப்போட்டுக்கொண்டு ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருந்தவர் அவள் கணவர் ரசலையன் வாத்தியார். பள்ளிக்கூடத்தில் அவர் ஒரு செருமல் செருமினால் போதும், மூன்று வகுப்பும் அடங்கிவிடும். அப்பேர்ப்பட்ட மனிதர் மடியில் பாசிமணிக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு மயிலுக்குக் கழுத்து தைப்பதை யாராவது பார்த்துவிட்டால், அப்புறம் பிரம்பைக் கையில் எடுத்து என்ன பிரயோசனம்?

எல்லாம் மகள் ஞானபாயின் கல்யாணத்துக்காகத்தான். மாப்பிள்ளை சுந்தர்சிங்குக்குத் தக்கலையில் தபால் ஆபீஸ் வேலை. கன்வென்ஷன் பாட்டுக் குழுவில் அவன் பாடியதைக் கேட்ட நாளிலிருந்து, கட்டினால் அவனைத்தான் கட்டுவேன் என்று நின்றாள் ஞானபாய். அவனுக்கும் அப்படியே. இடையில் மலைபோல நின்றது மாப்பிள்ளையின் அம்மா ஜெயபாய் மட்டும்.

ஜெயபாய் சபைப் பெண்கள் சங்கத்துத் தலைவி. தையல் படத்துக்கு அவளை மிஞ்ச ஆள் கிடையாது என்று பெயர். அவள் ஒரு துணியை அனுப்பியிருந்தாள். நடுவில் நோவாவின் பேழை. இடப்பக்கம் பேழையைப் பார்த்து நடக்கும் ஆண் மிருகங்கள்: கறுப்புத் துணியில் வெட்டித் தைத்த யானை, கடற்சிப்பி பதித்த ஆமை, பாசிமணி மயில். வலப்பக்கம் வெறும் வெள்ளை.

"பெண் சோடியைப் பிள்ளை தைக்கட்டும். கை பொருந்தினா குடும்பமும் பொருந்தும்" என்று சொல்லியனுப்பியிருந்தாள்.

ஞானபாய்க்கு ஊசியில் நூல் கோக்கவே வியர்த்துவிடும். நேசபாய் தைத்த பித்தான் சட்டையைப் போடுவதற்குள் கையோடு வந்துவிடும். வீட்டில் தையல் தெரிந்த ஒரே ஆள் வாத்தியார்தான். சின்ன வயதில் அம்மா மிஷன் பங்களாவுக்கு லேஸ் பின்னப் போனபோது பக்கத்தில் உட்கார்ந்து படித்த வித்தை அது.

மயிலும் ஆமையும் ஒருவழியாகத் தேறிவிட்டன. யானைதான் மக்கர் செய்தது. அந்த மினுமினுக்கும் கறுப்புத் துணி எந்தக் கடையிலும் இல்லை.

"திருவனந்தபுரத்துத் துணியா இருக்கும். பெரிய இடமில்லா" என்று பெருமூச்சு விட்ட வாத்தியாரின் கண், மூலையில் சாத்தியிருந்த குடைமேல் விழுந்தது. அதே கறுப்பு, அதே மினுக்கம்!

"குடையையா வெட்டுதிய? மழை கொட்டுத ஆனி மாசமாக்கும் இது!"

"ஒரு ஓட்டைதானேட்டி. பிறவு ஒட்டுப்போட்டா போச்சு."

யானை பிரமாதமாக வந்தது. கண்ணுக்குப் பாசிமணி தீர்ந்திருந்தது. புதுக்கடைச் சந்தைக்குப் புறப்பட்டார். கக்கத்தில் குடை இல்லாமல் வாத்தியார் வெளியே போனால் நாலு பேர் கேட்பார்களே என்று குடையையும் எடுத்துக்கொண்டார். பாதி வழியில் மழை கொட்டியது.

அங்கே கிருஷ்ணமணியின் கடையில், அந்தப் பகுதி தமிழ்நாட்டோடு சேருவதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள்.

"குடை இருக்கே வாத்தியாரே, விரிக்கப்பிடாதா?"

"நல்ல குடையாக்கும். நனைஞ்சா கெட்டுப்போவும்."

"செரி, பாசி என்னத்துக்கு?"

"பிள்ளையளுக்குக் கணக்குப் படிப்பிக்க" என்று தலையிலிருந்து தண்ணீர் வழிய வழியச் சொன்னார்.

நனைந்ததில் சளி பிடித்தது. மறுநாள் தைக்க உட்கார்ந்தவர் போட்ட தும்மலில் பாசியெல்லாம் ஜன்னல் வழியே முற்றத்துக்குப் பறந்தது. கோழி ஒன்று விடாமல் கொத்தித் தின்றது. அடுத்த தும்மலில் ஊசி இடது கைவிரலில் ஏறியது. வேறு வழியில்லாமல், செக்கச் செவேலென்று குன்றிமணி போலிருக்கும் மஞ்சாடிக்குரு விதையை யானைக்குக் கண்ணாக வைத்துத் தைத்து முடித்தார்.

பெண் பார்க்க வரும் நாளன்று காலையில் நேசபாய்க்குப் புதுக் கவலை வந்தது. "இத்தனை தையல் போட்ட பிள்ளைக்கு விரலு இவ்வளவு சுத்தமா இருக்குமா?" என்று ஞானபாயின் விரலிலும் ஒரு துணியைச் சுற்றிக் கட்டினாள்.

ஜெயபாய் முன்னால் வர, அவள் கணவர் ஏசுவடியான் கக்கத்துக் குடையோடு ஈரத் தலையாகப் பின்னால் வந்தார். வாய் திறக்காத மனிதர். உட்கார்ந்ததும் காப்பியைப் பார்த்து மட்டும் தலையாட்டினார்.

ஜெயபாய் துணியை விரித்து உற்றுப் பார்த்தாள். "கொள்ளாமே, நல்லா இருக்கே! ரெண்டு பக்கமும் ஒரே கை தைச்சது மாதிரி இருக்கு. யானைக்கு ஏன் பிள்ளே கண்ணு செவந்திருக்கு?"

"பேழையில இடம் கிட்டுமோன்னு அழுதிருக்கும் மாமி" என்றாள் ஞானபாய்.

ஜெயபாய் சிரித்துவிட்டாள். அத்தோடு விட்டிருக்கலாம். "பாவம், விரலெல்லாம் குத்தியிருக்கே, காட்டு" என்று அன்போடு கட்டை அவிழ்த்தாள். உள்ளே ஒரு கீறல்கூட இல்லை. அவள் பார்வை மெல்ல நகர்ந்து வாத்தியாரின் கட்டுப்போட்ட விரலில் வந்து நின்றது.

"உமக்கு என்ன வாத்தியாரே?"

"பலாப்பழம் வெட்டினேன்" என்று சொல்லித் தும்மினார்.

பேச்சு வளர்ந்தால் ஆபத்து என்று பதறினாள் நேசபாய். "மழை வலுக்குதே, ரெண்டு பேருக்கு ஒரு குடை எப்படிக் காணும்? இதையும் கொண்டுபோங்க" என்று அவசரத்தில் கைக்குக் கிடைத்த குடையை எடுத்து, வாசல் பக்கமாக நீட்டிய கையோடு விரித்தும்விட்டாள்.

குடையில் யானை வடிவத்தில் வானம் தெரிந்தது.

"எலி..." என்றாள் நேசபாய்.

"எலி துதிக்கையெல்லாம் வச்சா கடிக்கும்?" ஜெயபாய் எழுந்துவிட்டாள். "அப்போ தைச்சது வாத்தியாரு!"

இனி மறைத்துப் பயனில்லை. மகளின் கண்ணும் மஞ்சாடிக்குரு மாதிரி சிவந்திருந்ததைப் பார்த்ததும் ரசலையன் முன்னால் வந்தார். "நான்தான் தைச்சேன். எனக்க பிள்ளைக்கு ஊசி பிடிக்கத் தெரியாது. அதுக்காவ அவளை வேண்டாம்னு சொல்லிராதிய" என்றார்.

"நல்ல கூத்து! ஆம்பிளை தைச்சதைக் காட்டிப் பெண்ணைத் தள்ளிவிடப் பாத்தீரா? எழும்புங்க, போவோம். இந்த வீடு நமக்கு ஒத்துவராது" என்று கணவரைப் பார்த்தாள் ஜெயபாய்.

ஏசுவடியான் எழுந்தார். முற்றத்தில் இறங்கி, கக்கத்திலிருந்த குடையை நிதானமாகக் கையில் எடுத்தார்.

"ஐயோ, அதை விரிக்காதீங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினாள் ஜெயபாய்.

அதற்குள் குடை விரிந்துவிட்டது. மழை நேராக அவருடைய வழுக்கைத் தலையில் விழுந்தது. ஏசுவடியான் நிமிர்ந்து, தன் கையால் வெட்டிய அந்த ஓட்டையைப் பார்த்தார். பிறகு வாத்தியாரைப் பார்த்து, வந்ததிலிருந்து முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"தந்தம் தெரியுதா சம்மந்தி? இது ஆண் யானை."