பாராட்டு மணி

மலைக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று வரைபடக்காரர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் ஓர் இடத்தில் வெண்குடை நாடு இருந்தது. அதை ஆண்டவர் மகிழ்வேந்தர். அவர் வீதியில் வரும்போது குடிமக்கள் வாசலில் நின்று கைமணி அடித்து வாழ்த்துவது அந்நாட்டு வழக்கம். பிறந்ததிலிருந்து அரசர் கேட்ட மணியெல்லாம் அவரைப் புகழ்ந்து அடித்ததுதான். மணிக்கு வேறு வேலையும் உண்டு என்று அவருக்குத் தெரியாது. அதற்காக நான் அவரைக் குறை சொல்லவில்லை. யாரும் சொல்லித் தரவில்லை.

அரசு மருத்துவசாலையில் கட்டிலுக்குக் கட்டில் ஒரு சிறு மணி தொங்கும். தண்ணீர் வேண்டுமென்றாலும், வலி தாங்கவில்லை என்றாலும் நோயாளி அதை அடிப்பார், செவிலி ஓடி வருவாள்.

ஒருநாள் அரசர் அங்கே பார்வையிட வந்தார். கிழக்குக் கூடத்தில் பவளம் என்ற செவிலி, மூக்காயியைப் புரட்டிப் படுக்கவைத்துக்கொண்டிருந்தாள். மூக்காயி சித்தாள் வேலை செய்தவள். அரசருக்குச் சிலை எழுப்பியபோது சாரத்திலிருந்து விழுந்து முதுகொடிந்தவள். தானாகத் திரும்பிப் படுக்க அவளால் முடியாது. நேரத்துக்கு யாராவது புரட்டிவிடாவிட்டால் முதுகில் புண் வைக்கும், புண் உள்ளே இறங்கினால் உயிரைக் குடித்துவிடும். எனவே பவளம் அரசரை நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த நேரம் பார்த்து மூலையில் ஒரு பெரியவர் மூத்திரச் சட்டிக்காக மணி அடித்தார்.

அரசரின் முகம் மலர்ந்தது. "நோயிலும் நம்மை வாழ்த்துகிறாரே!"

"தங்களை மட்டுமல்ல, அரசே. தங்கள் ஆட்சியின் செவிலியரையும் சேர்த்தே வாழ்த்துகிறார்" என்றார் உடன் வந்த உற்சாகத்துறை அமைச்சர் வீறுடையார்.

தலைமை மருத்துவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். இந்தக் கதையில் அவர் செய்த ஒரே காரியம் அதுதான்.

"ஆனால் இந்தச் செவிலியின் முகத்தில் உற்சாகமே இல்லையே, ஏன்?" என்று கேட்டார் அரசர்.

"ஆளு பத்தலைங்க மகாராசா" என்றாள் பவளம். "இம்மாம் பெரிய கூடத்துக்கு நானும் குறிஞ்சியுந்தான். இன்னும் ஒரு நாலு பேரப் போடச் சொல்லுங்க, உற்சாகம் தன்னால வந்துரும்."

அடுத்த அமைச்சரவைக் கூட்டத்தில் வீறுடையார் இதை எடுத்துரைத்தார். "தமக்கு ஆர்வம் போதவில்லை என்று செவிலியரே ஒப்புக்கொண்டுவிட்டார்கள்." ஆள் எப்படி ஆர்வம் ஆயிற்று என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அரண்மனை வாசலைத் தாண்டும் சொற்களுக்கு இப்படி ஏதாவது ஆகிவிடுகிறது.

ஆணைகள் பிறந்தன. நோயாளியைத் தொடும் முன் ஒவ்வொரு செவிலியும் "ஈடில்லாச் சேவைக்கு என்னை முழுதாக ஒப்படைக்கிறேன்" என்ற உறுதிமொழியை உரக்கச் சொல்ல வேண்டும். அதில் அரசரின் பட்டங்கள் எல்லாம் வருவதால், சொல்லி முடிப்பதற்குள் வாந்தி வருகிறது என்றவர் எடுத்தே முடித்திருப்பார். அதுவும் போதாதென்று, நோயாளிகளின் மணி இனி 'பாராட்டு மணி' என்று அறிவிக்கப்பட்டது. அது ஒலித்தால் செவிலி நின்ற இடத்திலேயே நின்று, கைகூப்பி, புன்னகையோடு ஏற்க வேண்டும். பாராட்டை நோக்கி ஓடுவது பண்பல்ல என்று ஆணையின் கடைசி வரி சொன்னது. எந்தக் கூடத்தில் மணி அதிகம் ஒலிக்கிறதோ, அந்தக் கூடத்துக்குப் பொற்பட்டம்.

செவிலியர் குழம்பிப்போனார்கள்.

"ஏன்க்கா, தண்ணி வேணும்னா இனிமே எதை அடிப்பாங்க?" என்று கேட்டாள் குறிஞ்சி.

"அதுக்கு இன்னும் ஆணை வரலடி."

"அப்ப தண்ணி குடுக்கலாமா, கூடாதா?"

"கேக்குறதுக்கு முன்னாலயே குடுத்துருவோம்" என்றாள் பவளம்.

அப்படியே செய்தாள். யாருக்கு எப்போது எது வேண்டும் என்று பார்த்துப் பார்த்து முன்கூட்டியே கட்டிலருகே போய் நின்றாள். கிழக்குக் கூடத்தில் மணி அடிக்கவே அவசியம் இல்லாமல் போயிற்று. மேற்குக் கூடத்திலோ செவிலியர் ஆணையை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றினார்கள். அங்கே விடிந்தது முதல் ஒரே மணியோசை. பொற்பட்டம் மேற்குக் கூடத்துக்குப் போனது.

வீறுடையார் கிழக்குக் கூடத்துக்கு வந்து காது கொடுத்துக் கேட்டார். "ஏன் இங்கே இத்தனை நிசப்தம்?"

"யாருக்கும் ஒண்ணும் வேண்டியிருக்கலைங்க."

"அதாவது, யாரும் உன்னைப் பாராட்டவில்லை."

கட்டிலிலிருந்து மூக்காயி குறுக்கிட்டாள். "நான் பாராட்டுறேன் சாமி. தங்கமான புள்ள."

"மணி அடித்தாயா?"

"தேவப்படலையே சாமி!"

பவளம் அன்றே வேலையிலிருந்து நீக்கப்பட்டாள். மூக்காயி அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். "நீ போயிட்டா என்னைய யாரு தாயி பொரட்டிப் போடுவா?"

"குறிஞ்சி இருக்கா, பாத்துக்குவா அக்கா" என்றாள் பவளம். குறிஞ்சி ஒருத்தியால் எப்படி முடியும் என்று அவளுக்கே தெரியவில்லை. வெளியே வந்து அழுதாள். அதன்பின் தினமும் மருத்துவசாலை வாசலுக்கு வந்து, போவோர் வருவோரிடம் மூக்காயியைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தாள்.

இந்தச் சமயத்தில் அரசருக்கு விருந்து ஒத்துக்கொள்ளாமல் வயிற்றுப்போக்கு கண்டது. நாட்டிலேயே சிறந்த கவனிப்பு கிடைக்கும் இடமான மேற்குக் கூடத்தில் அவரைச் சேர்த்தார்கள். நாக்கு உலர்ந்து, குரல் எழும்பாமல், அரசர் மணியை அடித்தார். செவிலியர் வரிசையாக நின்று கைகூப்பிப் புன்னகைத்தார்கள். மேலும் அடித்தார். மேலும் புன்னகைத்தார்கள். "அரசரே நம் செவிலியரைப் பாராட்டுகிறார்!" என்று வீறுடையார் மாடத்திலிருந்து அறிவிக்க, வெளியே கூட்டம் ஆர்ப்பரித்தது. காவலர்களும் கைதட்டுவதில் மும்முரமாக இருந்ததால் பவளம் உள்ளே நுழைந்ததை யாரும் கவனிக்கவில்லை. நேராகப் போய் அரசரின் தலையை நிமிர்த்தி, உப்பும் வெல்லமும் கலந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். உறுதிமொழி சொல்லவில்லை.

அரசர் பிழைத்துக்கொண்டார். இனி ஆணைகள் ரத்தாகும் என்று எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

"வீறுடையாரே, நான் தண்ணீருக்காக அல்லவா மணி அடித்தேன்?" என்றார் அரசர்.

அமைச்சர் குரலைத் தாழ்த்தினார். "தாங்கள் அடித்தது பாராட்டு என்று நாடே கொண்டாடி முடித்துவிட்டது, அரசே. இப்போது தண்ணீருக்கு என்றால், இத்தனை நாளும் மற்றவர்கள் எதற்கு அடித்தார்கள் என்ற கேள்வி வருமே."

அரசர் மகுடத்தைச் சரிசெய்துகொண்டார். "பாராட்டத்தான் அடித்தேன்" என்றார்.

அதன்பின் மணிகள் மருத்துவசாலையோடு நிற்கவில்லை. குடிமக்கள் ஆட்சியைப் பாராட்ட வசதியாக வீட்டுக்கு வீடு ஒரு மணி வழங்கப்பட்டது. இப்போது அந்த நாட்டின் எல்லையில் நின்றால் இரவு பகலாக மணியோசை கேட்கிறது. அயல்நாட்டுத் தூதர்கள் கேட்டு வியந்துவிட்டுப் போகிறார்கள்.

அரசரின் படுக்கையறையில் மட்டும் மணி கிடையாது. அங்கே பவளம் இருக்கிறாள். வருகிறாயா என்று அவளை யாரும் கேட்கவில்லை.

ஒரு மாலை சாளரத்தின் வழியே, ஊர் மணிகளுக்கு நடுவே, மருத்துவசாலைப் பக்கமிருந்து மெல்லிய மணியோசை வந்தது. கை சரியாக எட்டாமல், விட்டுவிட்டு அடிக்கும் மணி. பவளம் சட்டென்று எழுந்தாள்.

"மகாராசா, அது மூக்காயக்கா. பொரட்டிப் போடச் சொல்லிக் கூப்புடுது. ஒரு எட்டு போயிட்டு ஓடியாந்துர்றேன்."

"எப்படி மனமாரப் பாராட்டுகிறாள், பார்!" என்றார் அரசர், அவள் முகத்தைப் பார்க்காமல். "நீ இந்தத் தலையணையைக் கொஞ்சம் உயர்த்தி வை."

பவளம் தலையணையை உயர்த்தி வைத்தாள். விளக்கு வைக்கும் நேரத்துக்கு அந்த மணி நின்றுவிட்டது.

மறுநாள் பாராட்டு ஏன் குறைந்தது என்று குறிஞ்சியிடம் விளக்கம் கேட்டார்கள்.