டின்னில் போட்டிருந்த ஐந்நூறு கிராம்

எனக்குக் கணக்கு வரும் என்ற திமிர் ரொம்ப நாள் இருந்தது. அதை இறக்கி வைத்தது ஒரு பால் டின்.

தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் எனக்குத் தரப் பரிசோதனை வேலை. எதையும் நிறுத்துப் பார்க்காமல் நம்ப மாட்டேன். கல்யாணமாகி கிள்ளானுக்கு வந்த முதல் தீபாவளிக்கு அத்தைக்குக் கண் ஆபரேஷன். அடுப்புப் பக்கமே போகக்கூடாது. அவர் செய்யும் நெய் உருண்டைக்காகவே பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து அவருடைய அக்கா (எங்களுக்குப் பெரியம்மா) வருஷா வருஷம் வருவார். அந்த வருஷம் உருண்டை என் தலையில். சொதப்பினால் ‘படிச்ச மருமக’ பட்டம் அன்றோடு காலி.

அத்தை கறுப்புக் கண்ணாடியோடு ஹாலில் உட்கார்ந்து சொன்னார். “பாசிப்பயறு மாவு நாலு டின், அரைச்ச சீனி ரெண்டு டின், உருக்கின நெய் ஒரு டின்.”

“டின்னெல்லாம் எதுக்கு அத்தை? நான் கிராம்ல எழுதி வச்சிடறேன். இனிமே தப்பே வராது.” (இதைச் சொன்ன வாயை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.)

மாவு வாளியில் கிடந்த பழைய அளவு டின்னில் லேபிள் இல்லை. அலமாரியில் அதே மாதிரி கெட்டிப்பால் புது டின் இரண்டு இருந்தன. ஐந்நூறு கிராம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அப்புறம் என்ன? மாவு இரண்டு கிலோ, சீனி ஒரு கிலோ. துல்லியமாக நிறுத்தேன். நெய்யை மட்டும் அந்தப் பழைய டின்னாலேயே அளந்து ஊற்றினேன்.

பிடித்தேன். உதிர்ந்தது. அழுத்திப் பிடித்தேன். விரலிடுக்கில் மணலாகக் கொட்டியது.

“உருண்டை புடிக்குதாம்மா?” ஹாலிலிருந்து அத்தை.

“புடிக்குது அத்தை.”

சந்தேகம் வந்து பழைய டின் நிறைய மாவை அள்ளித் தராசில் வைத்தேன். இருநூறைக் கொஞ்சம் தாண்டியது, அவ்வளவுதான். ஐந்நூறு என்பது பாலின் எடை. மாவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மாவை ஒரு மடங்குக்கு மேல் கூட்டிவிட்டேன். அதற்கேற்ற நெய் வீட்டில் இல்லை.

“நெய் வாங்கிட்டு வரவா?” என்றார் வீட்டுக்காரர்.

“நாளைக்கு தீபாவளி. லிட்டில் இந்தியா கடைத்தெரு ஜேம்ல போனா நாளன்னைக்குத்தான் வருவீங்க லா.”

கோபத்தில் அந்தப் புது டின்களையே முறைத்தேன். நீதானே கெடுத்தாய், நீயே சரிசெய் என்று இரண்டையும் உடைத்து, கொஞ்சம் கொஞ்சமாக மாவில் ஊற்றிப் பிசைந்தேன். மாவு சேர்ந்தது. உருண்டை நின்றது. நூறுக்கு மேல் பிடித்தேன்.

மறுநாள் பெரியம்மா ஒன்றை வாயில் போட்டார். நான் கதவோரம் நின்றேன். இரண்டாவதை எடுத்தார், மூன்றாவதையும் எடுத்தார். “என்னடி தங்கச்சி, இத்தனை வருஷமா இல்லாத பதம் இந்த வருஷம் வந்திருக்கு?”

“என் கை இல்லக்கா, மருமக கை” என்றார் அத்தை. பெருமை தாங்காமல் நான் அங்கேயே எல்லாவற்றையும் உளறிவிட்டேன். பெரியம்மா சிரித்ததில் புரையேறியது.

இப்போதெல்லாம் தீபாவளி வந்தால் “பால் டின் வாங்கிட்டியா?” என்று அத்தைதான் முதலில் கேட்கிறார். வீட்டில் நான் எடை மெஷினில் ஏறி முகம் சுளித்தால் போதும். “மெஷினை விடும்மா,” என்கிறார் வீட்டுக்காரர், “டின்ல என்ன போட்டிருக்குன்னு பாரு.” அப்போதும் என் வாயில் ஓர் உருண்டை இருக்கும்.