மெக்சிகோவில் மகள் வீட்டுக்கு வெளியே தங்குவது பற்றி

சங்கரன்கோவில்
11-2-1984

மரியாதைக்குரிய மாப்பிள்ளை சங்கரபாண்டியன் அவர்களுக்கு, பஞ்சாயத்து யூனியன் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற உங்கள் மாமனார் வேல்சாமி எழுதிக்கொண்டது. கோமதி அம்பாள் புண்ணியத்தில் இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். அங்கே நீங்களும் முத்துமாரியும் அவள் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்கவும், உங்கள் மில் வேலை தடையில்லாமல் நடக்கவும் வேண்டிக்கொள்கிறோம்.

தங்கள் கடிதம் கிடைத்தது. முத்துமாரி இந்த நிலையில் விமானம் ஏறக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டதாகவும், ஆகவே நாங்கள் இருவரும் புறப்பட்டு வந்து பேறுகாலம் முடியும் வரை பியூப்ளாவில் உங்கள் வீட்டிலேயே இருந்து, அப்படியே மெக்சிகோவின் மலை, கடல், பாலைவனம் எல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்றும் எழுதியிருந்தீர்கள். ரொம்ப சந்தோஷம். அதைப் படித்துக் காட்டிய நாளிலிருந்து எங்கள் வீட்டில் நிம்மதி இல்லை.

உங்கள் அத்தை கேட்ட முதல் கேள்வி, "தலைப்பிரசவத்தைத் தாய் வீட்டுல வச்சுப் பாக்காம புருஷன் வீட்டுல பாத்தா ஊரு என்ன சொல்லும்?" அடுத்த கேள்வி, "மக வீட்டுல மாசக்கணக்கா உக்காந்து திங்கதுக்கு எனக்கு என்ன நாதியா இல்ல?" நான், "ஏட்டி கோமதி, அங்கன யாரு பாக்கப் போறா? நம்ம ஊர்க்காரன் ஒருத்தன் கிடையாது" என்றேன். "நான் பாப்பேம்லா" என்றாள். ஆனால் பேறுகால மருந்துக்குச் சுக்கு இடிக்கும்போதெல்லாம் அழுகிறாள். கல்யாணம் முடிந்து போன பிள்ளையை இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

சம்பந்தி வந்து தாம்பூலம் வைத்து அழைத்தால் போகலாம் என்று கடைசியில் இறங்கி வந்தாள். உடனே பஸ் பிடித்துக் கரிவலம்வந்தநல்லூர் போய் உங்கள் அப்பாவைப் பார்த்தேன். துரைப்பாண்டி அண்ணாச்சி காபி கொடுத்து, முழுக்கக் கேட்டுவிட்டு, "நான் எப்படி அழைக்க? தலைப்பிரசவம் உங்க வீட்டு உரிமை. என் மகன் வீட்டுல வந்து பாருங்கன்னு நான் வாயைத் தொறந்தா, உங்களுக்கு வக்கில்லன்னு சொன்ன மாதிரி ஆயிரும்லா" என்றார். அவர் சொல்வதும் நியாயந்தான். அத்தோடு விட்டிருக்கலாம். "அது சரி, பய உங்களுக்குக் கடுதாசி போட்டிருக்கான். எங்களை வரச் சொல்லி ஒண்ணும் காணலையே" என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். இது விஷயமாக நீங்கள் அவருக்கு உடனே ஒரு கடிதம் போடவும். முன்தேதியிட்டுப் போட்டால் நல்லது.

அதன் பிறகுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. மகள் வீட்டுக்குப் போனால்தானே முறை தப்பும்? நாம் மெக்சிகோவைச் சுற்றிப் பார்க்கப் போகிறோம். போகிற வழியில் மகள் வீடு இருக்கிறது, எட்டிப் பார்க்கிறோம். ராமேஸ்வரம் போகிறவன் மதுரையில் இறங்கிப் பெரியப்பாவைப் பார்ப்பதில்லையா? படுக்கை மட்டும் லாட்ஜில். இதற்கு உங்கள் அத்தை சம்மதித்தாள். பூகோள வாத்தியாராக இருந்த முகம்மது ஹுசைன் அட்லஸோடு வந்து உட்கார்ந்தார். வடக்கே பாலைவனம் என்று காட்டினார். "பனவடலிசத்திரத்துல இல்லாத பொட்டக்காடா?" என்று அதை அடித்துவிட்டாள். ரயில் போகும் பெரிய பள்ளத்தாக்கு, அக்காபுல்கோ கடற்கரை, காட்டுக்குள் கல் கோபுரங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே நிபந்தனை, பொழுதடைவதற்குள் பியூப்ளா திரும்பிவிட வேண்டும். வாத்தியார் ஸ்கேலை வைத்து அளந்து பார்த்துவிட்டு, "மதினி, இது குத்தாலத்துல குளிச்சிட்டு வீடு திரும்புத சோலி இல்ல. இங்கன இருந்து நாகப்பூர் போயிட்டு சாயந்தரம் காபிக்கு வாரது மாதிரி" என்றார். "அப்ப அது வேண்டாம்" என்றாள். அங்கே ஸ்பானிஷ்தான் பேசுவார்கள் என்று சொல்லிப் பார்த்தார். "பிள்ளை பெறதுக்கு என்ன பாஷை வேண்டிக்கிடக்கு?" என்றாள். பியூப்ளாவுக்குப் பக்கத்திலேயே பனி மூடிய எரிமலை ஒன்று உண்டு என்று அவர் வாய் தவறிச் சொன்னதில் அன்றைக்கு அடுப்பு பற்றவில்லை. "அது தூங்குத மலை மதினி" என்றார். "தூங்குதது முழிக்கத்தான செய்யும்" என்று சொல்லி அழுதாள்.

இவ்வாறாக முடிவான எங்கள் சுற்றுலாத் திட்டம் வருமாறு. காலையில் லாட்ஜிலிருந்து மகள் வீடு. மத்தியானம் மகள் வீடு. சாயந்தரம் எரிமலை பார்ப்பது, அதுவும் மகள் வீட்டு வாசலில் நின்று. ராத்திரி லாட்ஜ். ஆகவே உங்கள் தெருவிலேயே, முத்துமாரியின் அடுப்படி தெரிகிற மாதிரி ஜன்னல் உள்ள அறையாகப் பார்த்துப் பிடித்து வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அத்தைக்கு முட்டு வலி, மாடி வேண்டாம். ஸ்டவ் வைக்கச் சம்மதிப்பார்களா என்றும் கேட்டுக்கொள்ளவும்.

வாத்தியார் உங்களைக் கேட்டதாக எழுதச் சொன்னார். தாயும் பிள்ளையும் சேதாரமில்லாமல் பிழைத்துக் கிடக்க வேண்டும் என்று எங்கள் இருவர் ஆசிகளும்.

இப்படிக்கு,
மாமா வேல்சாமி

பி.கு: கவரை ஒட்டுவதற்கு முன் இதை உங்கள் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். "நடுச்சாமத்துல பிள்ளைக்கு வலி கண்டா, லாட்ஜ்ல கிடந்துக்கிட்டு நான் என்ன செய்ய?" என்றாள். கடைசியில், "தாய் எங்கன இருக்காளோ அதான் தாய் வீடு" என்று முடித்துவிட்டாள். ஆகவே நாங்கள் வந்து இறங்கும் நாள் முதல் உங்கள் வீடு முத்துமாரியின் தாய் வீடு. தலைப்பிரசவம் முறைப்படி அங்கேயே நடக்கும். பேறுகாலத்துக்குத் தாய் வீடு வந்த பெண்ணோடு மாப்பிள்ளை தங்குவது நம்மிடம் வழக்கமில்லை என்பது தங்களுக்குத் தெரியும். லாட்ஜ் அறையைக் கட்டாயம் பிடித்து வைக்கவும். நேரத்துக்குச் சாப்பிட வந்துவிடும்படி உங்கள் அத்தை சொல்லச் சொன்னாள்.