கமலாசனி வில்லை எடுத்த படலம்

வாழி கமலாசனி! கட்டுகஸ்தோட்டைக் குன்றின் கோமகளே, மாநகர சபைக் கோப்பெழுதும் லிகிதருள் நிகரிலாளே, எதிரே வரும் பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் பனிமூட்டமாய்க் காணும் மைனஸ் ஆறு நயனத்தாளே, வாழி!

வடக்கே மெய்யான யுத்தம் நடந்த அக்காலத்தில், கண்டி மாநகரின் வாயில்தோறும் மணல்மூட்டைக் கோட்டைகள் எழுந்திருக்க, தமிழ்ப் பெயர் தாங்கியோர் அடையாள அட்டையைக் கவசமாய் ஏந்தியே நடமாடினர். கமலாசனியின் அட்டையிலோ கண்ணாடியற்ற, இருபது வயதுத் தாமரைமுகம். கண்ணாடியோடு போன ஒருநாள், படத்தையும் அவளையும் மாறிமாறிப் பார்த்த சிப்பாய் ஒருவன் அவளை வீதியோரம் நிறுத்திவைத்தான். பஸ் நிறைந்த சனம் பார்த்துக்கொண்டிருந்தது. அன்றே அவள், பாடநூலார் வில்லை என்றும் பாரோர் கொன்டாக்ட் லென்ஸ் என்றும் பகரும் அவ்வாயுதத்தை எடுத்தாள். அதன்பின் அவளை மறிப்பார் இல்லை.

ஆயின் ஒருநாள் களைப்பு மேலிட, வில்லைகளைக் கழற்றாமலே துயின்றாள். விடிந்தபோது இரு கண்களும் செம்பருத்தி. “அழற்சி. நான் சொல்லுமட்டும் லென்ஸைத் தொடக்கூடாது” என்று ஆணையிட்டார் கண் வைத்தியர்.

மறுபரிசோதனை நாள் வந்தது. வைத்தியரிடம் போகச் சிப்பாய்களின் சோதனைச் சாவடியைக் கடக்கவேண்டும். சாவடிக்கோ லென்ஸ் வேண்டும். வைத்தியருக்கோ லென்ஸ் ஆகாது. கடந்தபின் கழற்றிவிடுவோம் என்று துணிந்தாள் கமலாசனி.

குளியலறைக் கதவைத் தாழிட்டு, கரங்களைச் சவர்க்காரத்தால் புனிதமாக்கி, சுட்டுவிரல் என்னும் பட்டத்து யானையின்மேல் வில்லையை ஏற்றி, இடக்கையால் மேலிமையை உயர்த்தி அவள் முன்னேற, பகைப்படை கண்ட கோட்டைபோல் விழி படாரென்று கதவடைத்தது. வில்லை கன்னத்தில் வீழ்ந்தது. கழுவி மீண்டும் ஏற்றினாள். கண்ணீர் மகாவலியாய்ப் பெருகி அதை மூக்கோரம் அடித்துச் சென்றது. மீண்டும் ஏற்றினாள், விரல் விழியைத் தொட்ட கணம் மிளகாய்த்தூள் மாரி பொழிந்தாற்போல் எரிய, “ஐயோ!” என்னும் போர்முழக்கம் கூரைத்தகரத்தை அதிர்த்தது.

“என்னப்பா செய்யிறீர் உள்ளுக்கை? பஸ் போகப்போகுது!” என்று கதவுக்கு வெளியே முரசறைந்தான் கணவன் பாலேந்திரன்.

“வாறன், வாறன்! என்ரை கண்ணாடியை எடுத்துத் தாங்கோ” என்று வீராங்கனை சரணடைந்தாள்.

சாவடியில் இளஞ்சிப்பாய் அட்டையை நோக்கினான், அவளை நோக்கினான், கண்ணாடியைக் கழற்றும்படி சிங்களத்தில் பணித்தான். கழற்றினாள், உலகம் கரைந்தது. உடன் வந்த பாலேந்திரன் தன் அட்டையையும் எடுத்து நீட்டினான். படத்திலிருந்த அதே புன்னகையை உதடுகளில் பொருத்தி, சிப்பாயென்று தான் கருதிய தார்ப்பீப்பாய்க்கு முகங்காட்டி நின்றாள் கமலாசனி.

“அக்கே, மம மெஹே!” அக்கா, நான் இங்கே நிற்கிறேன் என்று சிரித்துவிட்டான் சிப்பாய். அட்டை அவள் கைக்குத் திரும்பியது. நெஞ்சில் அடுக்கியிருந்த பயமூட்டைகளில் ஒன்று இறங்கியது, எல்லாம் அல்ல.

வைத்தியர் விளக்கொளியில் விழியை ஆராய்ந்தார். “காலமை லென்ஸ் போடப் பாத்தனீர், என்ன?” தலை குனிந்தாள். பின் நிமிர்ந்தாள்.

“டொக்டர், லேசர் செய்து இந்தக் கரைச்சலை ஒரேயடியா முடிச்சா என்ன?”

“முதல்ல அழற்சி முழுக்க மாறட்டும். பிறகு கருவிழியின்ரை தடிப்பை அளந்து பாத்துத்தான் சொல்லலாம். அதுமட்டும் கண்ணாடிதான், பிள்ளை.”

கேட்டாள் கமலாசனி, கொதித்தாள், சிவந்த விழி மேலும் சிவக்க, லேசர் என்னும் பிரம்மாஸ்திரத்தை என்றேனும் ஏவுவேன், அதுகாறும் ஆயிரம் சாவடிகள் மறிப்பினும் இம்மூக்கில் இக்கண்ணாடி தாங்கியே நிமிர்ந்து நிற்பேன் என்று, திசைகள் எட்டும் திடுக்கிடத்தக்க சபதத்தை எவர்க்கும் கேளாமல் மனதுக்குள் முழங்கி, வெற்றிவேந்தரின் நடையில் வீதியில் இறங்கினாள்.

வழியில் பேக்கரியில் ஒரு இறாத்தல் பாண் வாங்கிக்கொண்டு இருவரும் வீட்டுக்குப் போனார்கள்.