சுண்ணாம்புக் கோட்டுக்குள் பால் பொங்கியது

ஒரு கட்டடம் விழுந்தால் முதலில் நடந்ததை வரிசையாக எழுத வேண்டும், காரணத்தைப் பிறகு தேட வேண்டும் என்று கட்டடக்கலைப் படிப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். என் கட்டடம் எழும்பாமலே விழுந்தது. இருந்தாலும் வரிசை வரிசைதான்.

1. கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் காலனிக்குப் பின்னால் பழைய மிளகுக் கிடங்கை இடித்துவிட்ட காலி மனை இருக்கிறது. அங்கே வரவேண்டிய குடியிருப்பை, சுண்ணாம்புத் தூளால் முழு அளவில் தரையில் வரைந்தேன்.

2. காலனிக்காரர்களை உள்ளே நடந்து பார்க்க அழைத்தேன்.

3. அவர்கள் குடியேறிவிட்டார்கள்.

4. அதிகாரி வந்தார்.

இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் என் அம்மா பால் காய்ச்சினார். அதைத் தனி எண்ணாகப் போட மனம் வரவில்லை.

எங்கள் காலனியில் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து மாநகராட்சி வேலைக்கு வந்தவர்களின் குடும்பங்கள். அப்பாவும் அந்த வேலைதான் பார்த்தார். சர்க்கரை வியாதி ஒரு காலை எடுத்துக்கொண்டபிறகு சக்கர நாற்காலி. கடல் பொங்கிக் காயலில் ஓதம் ஏறும் நாட்களில் சாக்கடை வழியாகத் தண்ணீர் வீட்டுக்குள் வரும். அப்பாவைத் தூக்கிக் கட்டிலில் வைப்போம். வடியும்வரை அவருக்கு அதுதான் உலகம். "வல்லார்பாடம் மாதிரி நானும் தீவாயிட்டேன். பாலம் எப்ப மோளே?" என்பார். நான் சிரிப்பேன். பிறகு அலுவலகம் போய் யாரோ ஒருவரின் நீச்சல்குளத்துக்கு வரைபடம் போடுவேன்.

அதனால் இந்தக் குடியிருப்பை வரையும் வேலை கிடைத்தபோது என் படிப்பு முழுவதையும் அதில் கொட்டினேன். ஓதம் எட்டாதபடி இடுப்பளவு உயர்த்திய தளம். காற்று வர நடுவில் பொது முற்றம். மழைநீர்த் தொட்டி, எல்லோருக்கும் ஒரே துவைக்கும் இடம், அகலமான நீள வராந்தா. தெருவிலிருந்து ஒரு சாய்தளம் அந்த வராந்தாவில் ஏறும். அங்கிருந்து கீழ்த்தளத்தின் எந்த வீட்டுக்கும் சக்கர நாற்காலியை உருட்டிப் போகலாம். யாருக்கு எந்த வீடு என்பது கட்டி முடித்தபிறகு குலுக்கலில். நடக்க முடியாதவர்கள் இருக்கும் குடும்பங்களுக்கு மட்டும் கீழ்த்தளம் உறுதி. அரசுத் திட்டம் கேட்டது ஒன்றுதான்: எல்லாக் குடும்பங்களும் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு குடும்பம் விலகினாலும் கோப்பு நின்றுவிடும்.

காகித வரைபடம் யாருக்கும் புரியாது, தரையில் வரைந்து நடக்கவிட்டால் புரியும் என்று நினைத்தேன். (புரிந்தது. தேவைக்கு மேல் புரிந்தது.) காலனியின் வாட்ஸ்அப் குழுவில் நானே செய்தி போட்டேன்: "கட்டில், பீரோ, அடுப்பு கொண்டு வாருங்கள். இடம் போதுமா என்று வைத்துப் பார்க்கலாம்."

ஞாயிறு காலை எல்லாம் வந்தன. கையெழுத்து வாங்க வரும் அதிகாரி மேடத்துக்கு சாயா கொடுக்க வேண்டும் என்று அம்மா பாலும் கொண்டுவந்தார். அப்பாவின் நாற்காலி சாய்தளம் முடியும் இடத்தில் நின்றது. அம்மா அதை ஒட்டியிருந்த கோட்டு வீட்டில், நான் சமையலறை என்று கோடு போட்ட இடத்தில், அடுப்பை வைத்தார். பால் பொங்கி வழிந்தது.

பக்கத்து வீட்டு செல்வியக்கா இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிழக்காலதான் பொங்கிருக்கு. முடிஞ்சுது. லட்சுமி சேச்சி வீட்டை எடுத்தாச்சு."

"அய்யோ, சாயாவுக்குடி!" என்றார் அம்மா.

"சாயாவுக்கு எதுக்கு அந்த வீடு? சாய்தளத்துகிட்ட இருக்கிற வீடு? மக வரையுறா, அம்மா பால் காச்சுறா. எங்க மாமியாரும் நடக்க மாட்டாங்க. அவங்க மட்டும் பறந்தா வருவாங்க?"

அடுத்த சில நிமிடங்களில் முக்குக் கடையில் பால் தீர்ந்தது. மனை முழுவதும் அடுப்புகள். ஒருவர் பால்பொடி கரைத்தார். கடைசியாக வந்தவர் பாலில்லாத கட்டன்சாயாவைக் கொதிக்கவைத்து, "கொதிச்சா போரே, போதாதா?" என்று வாதாடினார். எல்லைச் சண்டை தொடங்கியது. உன் பீரோ என் ஹாலில், உன் கட்டில் என் கழிப்பறையில். விலக்கிவிட நான் குறுக்கே ஓடினேன்.

"சுவரு! சுவரு!" என்று நாலு பக்கமும் கத்தினார்கள்.

"வாசல் வழியா வா மோளே," என்றார் அம்மா, மிகவும் தணிந்த குரலில்.

நான் சுற்றிக்கொண்டு வாசல் வழியாகப் போனேன். பட்டதாரி.

அதிகாரி மேடம் அப்போதுதான் வந்தார். புகையையும் அடுப்பு வரிசைகளையும் பார்த்து, "இதெந்தா, பொங்காலயோ?" என்று கோயில் பொங்கலைச் சொல்லிக் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. கையெழுத்துத் தாளை நீட்டினார்.

"முதல்ல வீட்டுக்குப் பேரெழுதுங்க. அப்புறம் ஒப்பு போடுறோம்," என்றார் செல்வியக்கா.

மேடம் என்னைப் பார்த்தார். "சுதா, அந்த சாய்தளம் யாருக்கு?"

"எல்லாருக்கும்," என்றேன். அம்மா திணித்த பால் டம்ளர் என் கையில் இருந்தது.

"வாசல் அகலத்தை எதை வச்சு அளந்தா, கேளுங்க மேடம். அவ அப்பா நாற்காலிய வச்சு. நான் கண்ணால பார்த்தேன்," என்றார் செல்வியக்கா.

உண்மை. காலனியில் வேறு சக்கர நாற்காலி இல்லை. இதைச் சொன்னேன். சொல்லும்போதே அது எப்படிக் கேட்கிறது என்று எனக்கே தெரிந்தது. அப்பா குனிந்து தன் சக்கரத்தில் ஒட்டிய சுண்ணாம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பயனாளிகளிடையே தர்க்கம்" என்று கையெழுத்தில்லாத தாளில் எழுதிக்கொண்டு மேடம் போனார்.

அடுத்த மழையில் கோடுகள் கரைந்தன. வீடுகள் கரையவில்லை. செல்வியக்கா இன்றும் தன் 'பின் வராந்தா' என்று நினைக்கும் இடத்தில்தான் துணி காயப்போடுகிறார். பால்பொடிக்காரர் தன் 'ஹாலில்' ஸ்கூட்டரை நிறுத்துகிறார். வேறு யாராவது நிறுத்தினால் சண்டை. உறவினர்கள் வந்தால் அப்பா சொல்வது இது: "எங்களுக்கு ரெண்டு வீடு. ஒண்ணு இது. இன்னொண்ணுல பால் காச்சியாச்சு. தரை, சுவர், கூரை மட்டும் பாக்கி." எல்லோரும் சிரிப்பார்கள். அம்மா எழுந்து உள்ளே போய்விடுவார்.

இப்போதைய நிலவரம்: கட்டடம் வரவில்லை. கோப்பு கிடப்பில் இருக்கிறது. செல்வியக்கா அம்மாவிடம் பேசுவதில்லை. தண்ணீர் ஏறும் நாட்களில் நான் அலுவலகத்தில் இருந்தால், அவரே வந்து, அப்பாவைத் தூக்கிக் கட்டிலில் வைத்துவிட்டு, தன் மாமியாரைத் தூக்கப் போகிறார். அம்மா பின்னாலேயே போய் மாமியாரைக் கால்பக்கம் பிடித்துத் தூக்குகிறார்.