சீட்டுக்கு அடியில் ஒரு மஞ்சள் பிளக்

இது நடந்தபோது நான் அந்த வண்டியில் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னோடு வேலை பார்க்கும் நண்பர், சாப்பாட்டு இடைவேளையில் தன் அக்காவையும் அக்கா வீட்டுக்காரரையும் பற்றிச் சொன்ன கதை இது. அவர் அக்கா கட்சி. ஆகவே அவர் சொன்னதில் கால்வாசியைக் கழித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். மீதி அத்தனையும் மாமாவே அவரிடம் புலம்பியது.

மாமாவுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. ஊரில் எல்லோருக்கும் லிஃப்ட்காரர். அக்காவுக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. காலையிலிருந்து எதிரில் உட்கார்ந்தவரிடம் "இது தெரியுதா? இப்போ தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பவர். மாலையில் காரில் ஏறி லிஃப்ட்காரர் பக்கத்தில் உட்கார்ந்த பிறகும் அதே கேள்விதான்.

"முன்னாடி லாரி தெரியுதா?"

"தெரியுது."

"அதோட பிரேக் லைட்டு?"

"அதுவும் தெரியுது."

"அப்புறம் ஏன் காலு அப்படியே இருக்கு? கண்ணுலேருந்து காலுக்குத் தகவல் போக எத்தனை நாளாகும்?"

அந்தக் காருக்குப் பதினாலு வயது. அக்கா உட்காரும் பக்கத்தில் பிரேக் கிடையாது. ஆனாலும் பதினாலு வருஷமாக அக்கா அங்கே பிரேக் போட்டுக்கொண்டுதான் வருகிறார். லிஃப்ட்காரர் பக்கத்து மிதியடி புதிது போல இருக்கும். அக்கா பக்கத்து மிதியடியில் குதிகால் அளவுக்கு ஓட்டை.

ஒரு திங்கட்கிழமை காலை, ஸ்டியரிங்குக்குப் பின்னால் சிவப்பாக ஒரு விளக்கு எரிந்தது. அக்கா பக்கமிருந்து பார்த்தால் ஸ்டியரிங் மறைத்தது போக அந்த ஒரு மூலைதான் தெரியும். அந்த மூலையிலேயே எரிந்தது.

"என்னங்க, யாரோ மடியில பூசணிக்காயை வச்சுட்டு உக்காந்திருக்காரு."

"அது பூசணிக்காய் இல்லம்மா, ஏர்பேக். வண்டி எங்கயாவது மோதினா பை விரிஞ்சு நம்மளக் காப்பாத்தும்ல. அதுல ஏதோ கோளாறுன்னு காட்டுது."

"உங்க கூட வண்டில வர்றவளுக்கு இருந்த ஒரே பாதுகாப்பு அது. அதுவும் போச்சா?"

அக்காவைக் கடையில் இறக்கிவிட்டு, லிஃப்ட்காரர் நேராக ஒயர் அண்ணனிடம் போனார். வண்டிகளின் ஒயரிங் வேலை மட்டுமே பார்ப்பதால் அந்தப் பெயர்.

"பழைய வண்டில இது சகஜம் சார்," என்றார் ஒயர் அண்ணன். "சில வண்டில ஸ்டியரிங்குக்குள்ள இருக்கற சுருள் ஒயர் தேஞ்சிருக்கும். சில வண்டில பெல்ட் மாட்டற இடத்துல தூசி. பேட்டரி இறங்கினாக்கூட எரியும். உங்க வண்டில என்னன்னா..." பக்கத்து சீட்டுக்கு அடியில் தலையை விட்டார். குரல் மட்டும் வெளியே வந்தது. "இந்தா இருக்கு. மஞ்சள் பிளக். சீட்டை முன்னாடி பின்னாடி தள்ளித் தள்ளி லூஸாயிருச்சு."

பேட்டரி ஒயரைக் கழற்றினார். பத்து நிமிஷம் பொறுத்தார். பிளக்கைத் துடைத்து அழுத்தி மாட்டினார். பேட்டரியை மாட்டிவிட்டு, ஒரு சின்ன மெஷினை வண்டியோடு இணைத்து எதையோ தட்டினார். விளக்கு அணைந்தது.

"மஞ்சள்னா ஏர்பேக் ஒயர் சார். பேட்டரியைக் கழட்டாம யாரும் கை வைக்கக் கூடாது. வச்சா, பை மூஞ்சிலயே வெடிச்சாலும் வெடிக்கும். அப்புறம் இந்த விளக்கு எரியறப்போ இன்னொரு விஷயம் என்னன்னா..."

அந்த இன்னொரு விஷயம் லிஃப்ட்காரர் காதில் விழவில்லை. அவர் தன் தொழிலைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார். லிஃப்ட் வாசலில் 'பழுது' என்று ஒரு போர்டைத் தொங்கவிட்டால் போதும். எப்பேர்ப்பட்ட வாயாடியும் வாதாடாமல் படியேறிப் போய்விடுவார். போர்டுக்கு இருக்கும் மரியாதை மனுஷனுக்கு இல்லை. பதினாலு வருஷமாக அவர் வண்டிக்கு அப்படி ஒரு போர்டு கிடைக்கவில்லை. இன்று கிடைத்தது. பதினைந்து நிமிஷம் எரிந்துவிட்டு அநியாயமாக அணைந்தும் போனது.

வீட்டுக்கு இரண்டு தெரு முன்பே வண்டியை ஓரம் கட்டினார். பேட்டரி ஒயரைக் கழற்றினார். பத்து நிமிஷம் பொறுத்தார்; வேலையில் ஒழுங்கான மனிதர். சீட்டுக்கு அடியில் கையை விட்டு மஞ்சள் பிளக்கைப் பிடுங்கினார். பேட்டரியை மாட்டி வண்டியைக் கிளப்பினார். பூசணிக்காய்க்காரர் சிவப்பாக வந்து உட்கார்ந்தார். இனி இந்த வண்டியில் ஒரே குரல்தான் கேட்கும், அது இன்ஜினின் குரல் என்று லிஃப்ட்காரர் ஸ்டியரிங்கைத் தொட்டுச் சபதம் செய்தார்.

அன்று மாலை, துக்கம் விசாரிக்க வந்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார்.

"பழைய வண்டி இல்லையா. பார்ட் கிடைக்க நாளாகுமாம். அதுவரைக்கும் உன் சீட்டு ஆபத்து. நீ பின்னாடி உக்காந்துக்கோ. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"உங்க சீட்டு?"

"நான் சமாளிச்சுக்குவேன்."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இவ்வளவு அக்கறையை எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க இத்தனை வருஷமா?" என்றார். பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டார்.

முதல் வாரம் சொர்க்கம். அக்கா ஜன்னலோரம் சாய்ந்து வேடிக்கை பார்த்தார். இரண்டு நாள் தூங்கியே விட்டார். தன் வண்டியின் இன்ஜின் இப்படித்தான் சத்தம் போடும் என்பதையே லிஃப்ட்காரர் அப்போதுதான் தெரிந்துகொண்டார்.

இரண்டாவது வாரம் அக்கா ஜன்னலோரத்திலிருந்து நடுவுக்கு நகர்ந்தார். இரண்டு முன்சீட்டுக்கும் நடுவே தலையை நீட்டினார். இதுவரை ஒரு காதில் மட்டும் விழுந்த குரல் இப்போது இரண்டு காதுக்கும் சமமாக வந்தது. அதுகூடப் பரவாயில்லை. நடுவிலிருந்து பார்த்தால் ஸ்டியரிங் எதையும் மறைக்கவில்லை.

"என்னங்க, முள்ளு எண்பதுல நிக்குது!"

"அது... அப்படித்தான் தெரியும், அங்கேருந்து பார்த்தா."

"எங்கேருந்து பார்த்தா எவ்வளவு தெரியும்னு எனக்கே பாடம் எடுக்கறீங்களா? பதினாலு வருஷமா அம்பதுல போறேன், அம்பதுல போறேன்னு சொல்லி என்னை ஏமாத்தியிருக்கீங்க!"

அன்றிலிருந்து வண்டி ஐம்பதைத் தாண்டவில்லை. சைக்கிள்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே முந்திப் போனார்கள்.

நான்காவது வாரம் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கண் பரிசோதனை முகாம் விஷயமாக அக்கா போக வேண்டியிருந்தது. வாசலில் வண்டி நின்றதும் காவலாளி ஓடிவந்து பின்கதவைத் திறந்து அக்காவுக்கு ஒரு சலாம் வைத்தார். பிறகு முன்னால் குனிந்தார்.

"டிரைவர், இங்க நிறுத்தாதீங்க. டிரைவர் எல்லாம் பின்பக்கம்."

லிஃப்ட்காரர் அக்காவைப் பார்த்தார், ஒரு வார்த்தை சொல்லுவார் என்று.

"சீக்கிரம் வந்துருவேன்," என்றார் அக்கா. "ஏசியைப் போட்டுட்டுத் தூங்கிராதீங்க."

பின்பக்கம் ஆறேழு டிரைவர்கள் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். அவருக்கும் இடம் கொடுத்தார்கள்.

"மேடம் எப்படிண்ணே?"

"நல்லவங்கதான். கொஞ்சம் பேசுவாங்க."

"எல்லா மேடமும் பேசத்தான் செய்வாங்க. லீவு தருவாங்களா?"

"கல்யாணம் ஆனதுலேருந்து எடுத்ததில்ல."

"பாவம்ணே," என்று எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். ஒருவர் வேறு இடத்தில் வேலை வாங்கித் தருவதாகக்கூடச் சொன்னார். லிஃப்ட்காரர் ஒரு கணம் எந்த இடம் என்று கேட்டும் விட்டார்.

ஆறாவது வாரக் கடைசியில் சபதத்தைக் கைவிட முடிவு செய்தார். பழையபடி ஒரு காது போதும். அக்கா கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் பேட்டரியைக் கழற்றி, பத்து நிமிஷம் பொறுத்து, மஞ்சள் பிளக்கை மாட்டி, வண்டியைக் கிளப்பினார்.

விளக்கு அணையவில்லை.

கழற்றி மாட்டினார். எரிந்தது. அழுத்தி மாட்டினார். எரிந்தது. லிஃப்டில் அறுந்த ஒயரைச் சேர்த்தால் அடுத்த நொடி விளக்கு அணையும், விஷயம் முடிந்தது. அந்த நினைப்பில் பிடுங்கிய மனிதருக்கு, கார் அப்படி இல்லை என்று தெரியாமல் போனது. கார் குடும்பப் பாங்கானது. தப்பைச் சரி செய்த பிறகும் மறக்காது. யாராவது முறையாக வந்து அழிக்கிறவரைக்கும் மனதில் வைத்திருக்கும்.

மறுநாள் காலை கார் சாவியை எடுத்துக்கொண்டு நழுவப் பார்த்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"அந்த ஏர்பேக் பார்ட் வந்துருச்சாம். மாட்டிட்டு வந்துர்றேன். அப்புறம் நீ பழையபடி முன்னாடியே உக்காந்துக்கலாம்."

"ஆறு வாரமா ஆபத்து ஆபத்துன்னீங்க. இப்ப என்ன திடீர்னு என் மேல ஆசை?" அக்கா செருப்பை மாட்டிக்கொண்டார். "நானும் வரேன்."

ஒயர் அண்ணன் வாயைத் திறப்பதற்கு முன் லிஃப்ட்காரர் முந்திக்கொண்டார். "அண்ணே! பார்ட் வந்துருச்சுன்னு போன் பண்ணீங்களே!" என்று கத்திக்கொண்டே கண்ணடித்தார். ஒயர் அண்ணன் விழித்தார். இன்னொரு தடவை அடித்தார்.

"கண்ணு துடிக்குதா?" என்றது பின்சீட்டுக் குரல். "சாயங்காலம் கடைக்கு வாங்க, பார்த்துர்றேன்."

ஒயர் அண்ணனுக்கும் கல்யாணம் ஆகியிருந்தது. புரிந்துகொண்டார். "ஆமா சார், வந்துருச்சு, வந்துருச்சு," என்று உள்ளே போய் மெஷினை எடுத்துவந்தார். அதன் ஒயரை ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகினார். மெஷினைப் பின்சீட்டுப் பக்கம் நீட்டி, "கொஞ்சம் பிடிச்சுக்கோங்க அக்கா, கீழ வச்சா விழுந்துரும்," என்று கொடுத்துவிட்டு, வாசலை அடைத்து நின்ற வேறொரு வண்டியை நகர்த்தப் போனார்.

லிஃப்ட்காரர் வெளியே நின்று வானத்தைப் பார்த்தார். இன்னும் ஐந்தே நிமிஷம். மெஷினைத் தட்டினால் எல்லாம் அழிந்துவிடும். ஆறு வாரப் பாவமும் தீர்ந்துவிடும்.

"என்னங்க."

"என்னம்மா?"

"இந்த மெஷின்ல எல்லாமே வருதே."

"எல்லாமேன்னா?"

"எந்தத் தேதி கோளாறாச்சு, எத்தனை மணிக்கு ஆச்சு, தானா ஆச்சா, யாராவது பண்ணினாங்களா... வரிசையா வருது." அக்கா மெஷினை நெஞ்சோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டார். "நானே வாசிக்கட்டுமா? இல்ல நீங்களே சொல்றீங்களா?"

லிஃப்ட்காரரே சொன்னார். திங்கட்கிழமையே சரியானது. இரண்டு தெரு தள்ளி நிறுத்தியது. பிளக்கைப் பிடுங்கியது. பார்ட் என்று ஒன்று கிடையவே கிடையாது. நேற்றுத் திரும்ப மாட்டியது. மூச்சு வாங்கிக்கொண்டு, ஆஸ்பத்திரியில் வேறு வேலை பற்றி விசாரித்தது. மெஷினில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதையும் சொல்லிவிட்டார்.

"எதுக்கு இவ்வளவும்?"

"நீ... கொஞ்ச நாள்... பேசாம வரட்டுமேன்னு."

அக்கா பேசவில்லை. ஆறு வாரமாக லிஃப்ட்காரர் ஏங்கிய அமைதி அதுதான். கிடைத்ததும் அவராலேயே பொறுக்க முடியாமல், "ஏதாவது பேசும்மா," என்றார்.

ஒயர் அண்ணன் திரும்பி வந்தார். முகங்களைப் பார்த்ததும் இனி மறைக்க ஒன்றும் இல்லை என்று தெரிந்துவிட்டது. "அன்னிக்கே சொன்னேனே சார். இந்த விளக்கு எரிஞ்சா ஒரு சீட்டுக்கு மட்டும் இல்ல. மொத்த ஏர்பேக்கும் வேலை செய்யாது. உங்க பக்கத்துப் பையும் சேர்த்துத்தான்."

"என் பக்கமுமா?" லிஃப்ட்காரர் தன்னையறியாமல் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஆறு வாரம். அதில் முதல் வாரம் முழுக்க எண்பது.

"கேட்டீங்களா?" என்றார் அக்கா. "எங்கயாவது மோதியிருந்தா என்ன ஆயிருக்கும்? நான் பேசறதைக் கேக்கறதுக்கு அதுவே மேலுன்னு ஆயிருச்சா?"

"ஐயையோ, எனக்கு அது தெரியாதும்மா. சத்தியமா தெரியாது."

ஒயர் அண்ணன் அவசரமாக மெஷினை வாங்கித் தட்டினார். விளக்கு அணைந்தது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினார். கையை நீட்டினார்.

"சாவி."

"எதுக்கு?"

"லைசென்ஸ் எனக்கும் இருக்கு. பதினோரு வருஷமா பர்ஸுல தூங்குது. பழைய வண்டி, உனக்குச் சரிப்படாதுன்னு சொன்னீங்க. உங்களுக்கும்தான் சரிப்படல."

சாவி கைமாறியது. லிஃப்ட்காரர் சுற்றி வந்து முன்கதவில் கையை வைத்தார்.

"அங்க எங்க போறீங்க? அது ஆபத்தான சீட்டு."

"அதான் சரி பண்ணியாச்சே!"

"சரி பண்ணியாச்சுங்கறதை இனிமே நான் ஆறு வாரம் கழிச்சுத்தான் நம்புவேன். பின்னாடி ஏறுங்க."

ஆறு வாரம் முடிந்து நாலு மாதம் ஆகிவிட்டது. லிஃப்ட்காரர் இன்னும் பின்சீட்டில்தான் வருகிறார். வேறு எதற்கும் அவர் வருத்தப்படவில்லையாம். இவ்வளவு துல்லியமாகக் காட்டிக்கொடுக்கிற மெஷினை யார் கண்டுபிடித்தார்களோ, அவர்கள் மேல்தான் கோபமாம்.

கேட்டதை அப்படியே எழுத எனக்குக் கொஞ்சம் பயம். பதினாலு வருஷத்து வண்டி தேதி, நேரம் எல்லாம் காட்டுமா என்று சந்தேகம் வந்தது. ஒயர் அண்ணனைத் தேடிப் போய்க் கேட்டேன்.

"இந்த வண்டியா? ஒரு கோளாறு நம்பர் மட்டும் வரும் தம்பி, அவ்வளவுதான்," என்றார். "அன்னிக்கு அதுவும் வரல. நான் வாங்கிப் பார்த்தப்போகூட மெஷின் முழுசா ஆன் ஆகவே இல்ல. 'வெல்கம்'னுதான் இருந்துச்சு."