மடிக்கணினிக்குக் காற்று அடித்த கதை

இந்நிகழ்ச்சி எங்கள் உறவினர் வீட்டுத் திருமணங்களில் பலமுறை சொல்லப்பட்டுப் பெரிதும் வளர்ந்துவிட்டது. என் மைத்துனர் சொல்லும் வடிவத்தில், மடிக்கணினியிலிருந்து பறந்த எழுத்து விசை ஒன்று பொது மேலாளரின் நெற்றியைத் தாக்குகிறது. அன்று பொது மேலாளர் ஓசூரிலேயே இல்லை. ஆகவே நான் கண்டவற்றையும், சாட்சி உள்ளவற்றையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன். ஆண்டைக்கூட விட்டுவிடுகிறேன், 2006 என்கிறேன் நான், 2007 என்கிறாள் மனைவி. (எது சரி என்பது மணமான வாசகர்க்குத் தெரியும்.)

அப்போது நான் ஓசூரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவுப் பொறியாளன். பழைய இயந்திரத்தைக் கழித்துவிட்டுப் புதிது வாங்க வேண்டுமானால் ஒரு குழு கூடிக் கையொப்பமிட வேண்டும். தொழிலாளர் பேச்சில் அதற்குக் 'கண்டம் பண்ணுவது' என்று பெயர். அக்குழுவில் கையொப்பமிட மறுப்பதற்கென்றே பிறந்தவன் நான். மாற்றுவதற்குப் பணம் போதும், பழுதுபார்க்கத்தான் அறிவு வேண்டும் என்று கூட்டந்தோறும் முழங்குவேன். கேட்பவர்கள் தேநீரை வேகமாகக் குடித்து முடிப்பார்கள்.

இத்தகையவன் வீட்டில் மடிக்கணினி பழுதாயிற்று. பெங்களூரில் பழையதாக வாங்கியது. திறந்த சிறிது நேரத்தில் தோசைக்கல்லாகச் சூடேறித் தானே அணைந்துவிடும். என் மனைவி சுமதி அஞ்சல்வழியில் கணினிப் பட்டம் படித்துவந்தாள். தான் எழுதிய மென்பொருளை அடுத்த திங்கட்கிழமை கிருஷ்ணகிரியில் தேர்வாளர் முன்னிலையில் அவள் இயக்கிக் காட்ட வேண்டும். நடுவில் கணினி அணைந்தால் அவளுடைய ஓராண்டு உழைப்பும் அதனுடன் அணைந்துவிடும்.

"ஏங்க, இத கண்டம் பண்ணிட்டுப் புதுசு வாங்கிரலாங்க."

"தூசி அடைச்சிருக்கு, அவ்வளவுதான். நான் சரிபண்ணித் தர்றேன்."

"கடையிலயாவது குடுக்கலாம்ல?"

"இத்தனை வருஷமா மெஷின் பாக்குறவன் வீட்ல இருக்கறப்ப கடை எதுக்கு?"

"நீங்க பாக்குறது மெஷினு. இது நான் படிக்கிறது."

இவ்வேறுபாட்டை நான் பொருட்படுத்தவில்லை. சனிக்கிழமை மடிக்கணினியைத் தொழிற்சாலைக்கு எடுத்துச் சென்றேன்.

எங்களிடம் எந்த இயந்திரம் முரண்டு பிடித்தாலும் முதல் வைத்தியம் காற்று அடிப்பதுதான். அழுத்தக் காற்றுக் குழாயின் நுனியில் துப்பாக்கி போன்ற ஒரு கருவி இருக்கும்; அதன் பிடியை அழுத்தினால் இடுக்கில் புதைந்த இரும்புத் துருவலும் வெளியே வந்து விழும். உணவு இடைவேளையில் அதைக் கையில் எடுத்தேன். உத்தனப்பள்ளியிலிருந்து வந்து கடைசல் இயந்திரம் ஓட்டும் முனிராஜ், அருகில் தூக்குப்பாத்திரத்தைத் திறந்து களியைப் பிசையத் தொடங்கியிருந்தார்.

"என்னா சார், லேப்டாப்புக்கும் காத்தா?"

"வெறும் தூசிதான் முனிராஜ்."

"அப்ப நல்லா குடுங்க சார். லேத்துக்குத் தெனமும் குடுக்கறோம், அதுக்கு என்னா ஆயிப்போச்சு?"

(லேத்தை அசைக்கக் கிரேன் வேண்டும் என்பது எங்கள் இருவருக்குமே அந்நேரம் நினைவுக்கு வரவில்லை.)

முதலில் பக்கவாட்டுத் துளையில் அடித்தேன். சாம்பல் நிறப் புகையாகத் தூசி கிளம்பியது. முனிராஜ் தும்மினார். நான் வெற்றிப் பெருமிதத்துடன் நிமிர்ந்தேன். அத்துடன் நிறுத்தியிருந்தால் இக்கட்டுரைக்கு வேலை இருந்திராது. விசைகளுக்கு இடையே முறுக்குத் துணுக்கு ஒன்று தெரிந்தது. குழல் முனையை அதன் அருகே கொண்டுபோய் முழு வேகத்தில் அழுத்தினேன்.

மழைக்குப் பிந்தைய ஈசல்களைப் போல விசைகள் எழும்பின. இடைவெளி விடும் நீள விசை, கடைசல் இயந்திரத்தின் குளிர்நீர்த் தொட்டியில் விழுந்து மிதந்தது. மற்றொன்றைப் பற்றி முனிராஜே சாட்சி.

"சார், களியில ஒண்ணு குத்திக்கிட்டு நிக்குது."

உணவை விட்டு எழுந்துவந்த தொழிலாளர்கள் மண்டியிட்டுத் தேடினார்கள். ஒருவர் பழக்கம் காரணமாகப் பெரிய காந்தத்தைக் கொண்டுவந்து தரையெங்கும் உருட்டினார். விசைகள் பிளாஸ்டிக் என்பதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. 'எம்' என்ற எழுத்து மட்டும் அகப்படவில்லை. கிடைத்தவற்றின் அடியிலிருந்த மெல்லிய கால்கள் முறிந்திருந்தன.

மாலையில் வாயிற்காவலர் என் பையைத் திறந்தார். "உள்ள வரப்ப லேப்டாப் ஒண்ணுதான சார் காமிச்சீங்க? இப்ப தனியா ஒரு பொட்டலமும் இருக்குதே?"

"அதுவும் லேப்டாப்தாங்க" என்றேன்.

வீட்டில் சுமதி மூடியைத் திறந்தாள். பல் விழுந்த வாயாய் அது அவளைப் பார்த்தது. பொட்டலத்தைப் பிரித்து விசைகளை மேசைமேல் கொட்டினாள். பிறகு அமைதியாகக் கேட்டாள்: "இது பழுது பாத்ததா, கண்டம் பண்ணதா?"

மறுநாள் ஞாயிறு, புதிது வாங்கினாலும் அவளுடைய மென்பொருளை அதில் ஏற்றிச் சரிபார்க்க நேரமில்லை. எதிர்வீட்டு மேசைக்கணினியின் பெரிய விசைப்பலகையை இரவல் வாங்கி, மடிக்கணினியின் பக்கவாட்டில் செருகினாள். திங்களன்று கிருஷ்ணகிரிப் பேருந்தில், பைக்கு வெளியே ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்த அப்பலகையை மடியில் தாங்கியபடி நான் உடன் சென்றேன். என்னிடம் அவள் பேசிய ஒரே சொல், "இறங்குங்க."

தேர்வு அறைக்கு வெளியே பெஞ்சில் அமர்ந்திருந்தேன். கதவு சற்றே திறந்திருந்தது.

"யாரும்மா இத இப்படிப் பண்ணது?" இது தேர்வாளர்.

"எங்க வீட்டுக்காரருங்க சார். ஃபேக்டரியில மெயின்டனன்ஸ் பாக்குறாரு."

"எந்த ஃபேக்டரி?"

சொன்னாள்.

"அந்தக் கம்பெனி ஷேர் கொஞ்சம் வச்சிருக்கேம்மா. வித்துர்றேன்."

உள்ளே சிரிப்பு எழுந்தது. அதில் என் மனைவியின் சிரிப்பும் இருந்தது. இரண்டு நாட்களில் முதன்முறையாக எனக்கு மூச்சு வந்தது. மென்பொருளை அவள் தொடக்கம் முதல் இறுதிவரை இயக்கிக் காட்டினாள். கணினி ஒருமுறைகூட அணையவில்லை. தேர்ச்சியும் பெற்றாள். புதிய மடிக்கணினியை அந்த வாரமே அவள் தேர்ந்தெடுக்க, நான் சுமந்துவந்தேன்.

அன்றிலிருந்து வீட்டில் மிக்சி நின்றாலும், மகனுக்குக் கணக்கு வராவிட்டாலும், "அப்பாவ விட்டு காத்து அடிக்கச் சொல்லலாமா?" என்பதே முதல் ஆலோசனை. தொழிற்சாலைக் குழுவிலும் நான் பேனாவைத் திறக்கத் தயங்கினால், "சார், காத்து அடிச்சுப் பாத்துட்டு வரட்டுங்களா?" என்று யாராவது பணிவாகக் கேட்பார்கள். உடனே கையொப்பமிட்டுவிடுவேன்.

தெரியாதவை இரண்டு. 'எம்' எங்கே போயிற்று என்பது தெரியாது. கணினி அன்று அணையாமல் ஓடியது நான் அடித்த காற்றினாலா, தேர்வு அறையிலிருந்த குளிர்சாதனத்தினாலா என்பதும் தெரியாது. இரண்டாவதைச் சோதித்து அறியலாம். ஆனால் அந்த மடிக்கணினியைச் சுமதி பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறாள். சாவி என்னிடம் இல்லை.